மருந்தடித்த வரப்பின் கீரை

மழை பெய்த பத்தாம் நாள் எங்கள் மரவள்ளிக் காட்டு வரப்பில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் தானாகக் கிளம்பிவிடும். விதைத்தவர் யாருமில்லை, தண்ணீர் விட்டவரும் இல்லை. களையெடுக்க வரும் பெண்கள் சாயங்காலம் மடி நிறையப் பறித்துக்கொண்டு போவார்கள். கேட்டுவிட்டுப் பறிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

போன வருஷம் களைக்கு ஆள் அமையவில்லை. ஆத்திரத்தில் பரமத்தி வேலூர் போய்க் களைக்கொல்லி வாங்கி வந்து, மத்தியானத்துக்குள் வரப்பெல்லாம் நானே அடித்தேன். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலை, எங்கள் காட்டில் வருஷக்கணக்காகக் களையெடுத்த அக்கா தூக்குப்போசியோடு வாசலில் நின்றார்.

"தொய்யக்கீரை கடைஞ்சனுங்க அம்மிணி. உங்களுக்குப் புடிக்குமேன்னு கொண்டாந்தேன்."

"எங்கக்கா பறிச்சீங்க?"

"உங்க வரப்புலதானுங்க. நேத்துப் பொழுதோட."

மருந்து பட்ட கீரை உடனே வாடாது. இரண்டு மூன்று நாள் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பிரசவத்துக்கு வந்த மகள் வேறு அவர் வீட்டில் இருந்தாள், ஒன்பதாம் மாதம்.

"சாப்பிடறேங்க்கா" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிஷமே கீரையைக் குப்பைக்குழியில் கொட்டினேன். என் வாய்க்குள் போகக்கூடாது என்று அவ்வளவு சீக்கிரம் தெரிந்த எனக்கு, அவரைத் திரும்பக் கூப்பிட நா எழவில்லை. வெட்கங்கெட்டவள் நான். அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு, அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.

அக்கா வீட்டு வாசலில் அவர் மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை.

"போசிய வாங்கறப்பவே சொல்லியிருந்தா ஆவாதுங்களா அம்மிணி? அப்ப இவ உண்ண உக்காரவே இல்லீங்களே."

மகளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. "அதுதான் ஒன்றும் ஆகவில்லையே" என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். அவருக்கென்ன, அந்த அரை மணி நேரம் அவருடையதில்லை.

இந்த வருஷம் நான் மருந்தே வாங்கவில்லை. மழைக்குப் பிறகு கீரை முழங்கால் உயரம் நின்றது. பாதையில் போன அக்காவைக் கூப்பிட்டு, "மருந்தடிக்கலைங்க்கா, பறிச்சுக்குங்க" என்றேன்.

அவர் வந்து ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"நீங்க தின்னுங்க சாமி, பாக்கறேன்."

தின்றேன். நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், பறிக்கக் குனியாமலே போய்விட்டார்.