பாராசூட் பையில் ஒட்டிய வெடிமருந்து

பெண் பிள்ளையை வானத்திலிருந்து குதிக்க விட்டவன் என்று ஊர் பேசுமே என்று, இதை எழுத வருடக்கணக்காகத் தயங்கினேன்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை எனக்கு. அன்று உடுப்பைக்கூட மாற்றாமல், மறுநாள் வெளியூரில் பாராசூட்டில் குதிக்கவிருந்த மகளோடு மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். அவளுடைய பாராசூட் பையை வழியெல்லாம் மடியில் அணைத்து, துஆ ஓதிக்கொண்டே வந்தேன்.

சோதனையில் பையைத் துடைத்த துணியை வைத்ததும் இயந்திரம் அலறியது. வெடிமருந்து! பாராசூட்டைப் பிரிக்கச் சொன்னார், சோதனையில் நின்ற பெண் அதிகாரி.

"பிரிச்சா மறுபடி மடிக்க, அதுக்குன்னு படிச்ச ஆள் வேணும் மேடம். நாளைக்குக் குதிக்க முடியாது" என்று மகள் கண்கலங்கினாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"ஐயா என்ன வேலை பாக்கீக?"

"பட்டாசுக் கம்பெனிம்மா."

என் கையையும் துடைத்துச் சோதித்தார். மறுபடியும் அலறல்.

"அத்தா! குளிச்சிட்டு வாங்கன்னு எம்புட்டுச் சொன்னேன்!" என்றாள் மகள்.

அதிகாரி சிரித்துவிட்டார். "பிள்ளைக்குக் காவலா வந்தீகளா, வேட்டு வைக்க வந்தீகளா?"

பையைத் தானே ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் எக்ஸ்ரேயில் விட்டு, உள்பைகளையும் சோதித்து, பாராசூட்டைப் பிரிக்காமலே தந்தார்.

மறுநாள் அது வானத்தில் விரிந்தபோது அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி அழுதேன். நான் பையை இறுக்கி அணைத்ததே அவளுக்குத் தடையாகிவிடப் பார்த்ததே என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இதைப் பிறரிடம் சொல்பவர்கள், அந்த அதிகாரி அம்மாவின் பொறுமையை விட்டுவிடாமல், நடந்தது நடந்தபடி சொல்லுங்கள்.