காகம் இல்லாத ஊரில் ஒரு தை அமாவாசை

சில வருடங்களுக்கு முன், ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்குச் சமையல்காரனாக அண்டார்டிகா போயிருந்தேன். எனக்கு ஊர் திருவனந்தபுரம். சாலை பஜாரில் வீடு. தம்பானூர் ஹோட்டல் அடுப்படிகளில் பதினைந்து வருடம் வெந்தவனுக்குப் பனிக்கட்டி நடுவே வேலை! வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் கப்பல் ஏறினேன்.

ஜனவரியில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. கடிகாரம் பார்த்துத்தான் இட்லி, கடிகாரம் பார்த்துத்தான் தூக்கம். தண்ணீர் பக்கத்து ஏரியிலிருந்து குழாயில் வரும். குழாய் உறைந்தால் அன்றைக்குச் சாம்பார் கெட்டி.

அங்கே தமிழ் பேச எனக்கிருந்த ஒரே துணை, பறவைகளை ஆராய வந்த மார்த்தாண்டத்துப் பெண். நிலையத்துக்குப் பின்னால் பாறை இடுக்கில், பெட்ரல் என்ற வெள்ளைப் பறவை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. தினமும் எட்ட நின்று அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட வரும்போது சேதி சொல்வாள். "இன்னைக்கு தாய்ப்பட்சி ரெண்டு தடவ இரை கொண்டு வந்துது அண்ணே!" தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

தை அமாவாசை வந்தது. அப்பா போனபிறகு, எந்த அமாவாசைக்கும் காகத்துக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. அங்கே காகத்துக்கு எங்கே போவது? அந்த மண்ணில் எந்த உயிருக்கும் தீனி போடக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பிடி சோறுதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து பின்வாசல் பாறையில் வைத்தேன்.

பருந்தளவில் பழுப்பாக ஒரு பறவை வந்து இறங்கியது. ஸ்குவா என்று பெயர். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றது. இவ்வளவு தூரம் அப்பா வந்துவிட்டாரே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வருமா? யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் வைத்தேன்.

எட்டாம் நாள் அந்தப் பெண் சாப்பிட வந்தாள். தட்டை எடுக்கவில்லை.

"குஞ்சு போச்சு அண்ணே. ஸ்குவா தூக்கிட்டுப் போயிட்டுது. இந்தப் பக்கமே வராத பட்சி, இப்பம் எதுக்கு இங்கனயே சுத்துதுன்னு மனசிலாவல்ல." பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். "சாரமில்ல, விடுங்க. இதெல்லாம் நடக்கக்கூடியதுதானே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான்தான் மோளே அதுக்குச் சோறு வச்சுப் பழக்குனேன். அப்பாவுக்குன்னு வச்சேன்" என்றேன்.

"முட்டையில இருந்து பாத்துட்டு வந்தேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

குழுத் தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுகூட வலிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் தட்டோடு தூரத்து மேஜைக்குப் போக ஆரம்பித்தாளே, அதுதான் வலித்தது. ஸ்குவா மேலும் பத்து நாள் போல வந்து, பாறையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவி, நான்தானே பழக்கினேன்! மனதைக் கல்லாக்கிக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்தேன்.

அடுத்த அமாவாசைக்கும் சமைத்தேன். வைக்க இடமில்லாமல், சாப்பிடவும் மனமில்லாமல் அடுப்பருகே நின்றிருந்தேன். அவள் உள்ளே வந்தாள். மூன்று வாரமாக அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், உள்ளங்கையை நீட்டினாள்.

"அப்பாவுக்கு உள்ள சோத்த எனக்குத் தாங்க அண்ணே. நான் தின்னா அவரு வேண்டாம்னா சொல்லுவாரு?"

உருண்டை பிடித்துக் கொடுத்தேன். நின்றபடியே தின்றாள். இன்னும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

அந்தக் குஞ்சை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும், இத்தனை அமாவாசைகளில் அப்பா என் கையால் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்று நம்புகிறேன்.