வான்கோழிச் சோற்றுக்கு மூன்றாவது ஆதாரம்

சொர்க்கத்திலிருந்து பதினெட்டாம் நரகம் வரை தேடினாலும், ஆதாரக் குறிப்பில் கமா எங்கே விழ வேண்டும் என்பது எங்கள் குங் டீச்சர் அளவுக்குத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார். எமராஜனே வந்து ஓலையை நீட்டினாலும், "இவன் ஆயுசு முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? எந்தப் பக்கத்துல?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குச் சியாயி நகரத்தில் ஒரு சாவும் விழாது.

எங்கள் தொழிற்பள்ளியில் நூலகம் அவர் பொறுப்பு. தைவான் முழுவதற்கும் நடக்கும் மாணவர் கட்டுரைப் போட்டிக்கு எது போனாலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பள்ளியே மேசையில் தலை கவிழ்ந்து தூங்கும் நேரத்தில்தான் எங்களைக் கூப்பிடுவார். தூக்கத்தைக் கெடுத்து, தாளின் ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்று சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் ஒருமுறை ஆதாரப் பட்டியலில் 'பக்கத்து வீட்டு நாய், நேரில் குரைத்தது' என்று எழுதிக் கொடுத்தேன். 'வருஷம் போடவில்லை' என்று பென்சிலில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். சிரிக்கக்கூட இல்லை.

டீச்சர் ஆவதற்கு முன்னால் தாய்ச்சுங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவர். ஊர்ப்பட்ட பேரின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, அடிக்குறிப்புகளைச் சீர் பண்ணி, பைண்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர்கள் டாக்டர் ஆனார்கள். நன்றிப் பக்கத்தில் மனைவி, மாமியார், வீட்டுப் பூனை வரைக்கும் பேர் இருக்கும், இவர் பேர் மட்டும் இருக்காது. நன்றிப் பக்கத்துக்குப் பக்க எண் எப்படிப் போடுவது என்ற பாடத்துக்கு நடுவில், ஏதோ வானிலை சொல்வது மாதிரி இதைச் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

யூ ரோங் என் வகுப்பு, உணவுத் தொழில் பிரிவு. அவள் அப்பா வான்கோழிச் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். கொழுப்பை எந்தச் சூட்டில் உருக்கினால் சோறு மணக்கும் என்று கட்டுரை எழுதினாள். பரிசு வந்தால் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைக்கலாம். அவள் மதிப்பெண்ணுக்கு வேறு வழி கிடையாது. போட்டி விதியோ மூன்று ஆதாரம் கேட்டது. அவளிடம் இருந்தது இரண்டு புத்தகமும் ஓர் அப்பாவும்.

"அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சது எந்தப் புத்தகத்துல இருக்கு டீச்சர்?" என்று சண்டைக்குப் போனேன்.

"எதுலயும் இல்லதான். கட்டுரைக்குள்ள அவர் பேரும் பேசின தேதியும் வரும். நேர்ல கேட்டதைப் பட்டியல்ல சேர்க்கக் கூடாது. இன்னொண்ணு தேடுங்க."

கல்விப் பிரிவுத் தலைவர் துவானுக்கு எத்தனை கட்டுரை போனது என்ற எண்ணிக்கை மட்டும்தான் கவலை. "அலமாரியில இருந்து ஏதாவது ஒண்ணை உருவிப் போடும்மா. எவன் படிக்கப் போறான்?" என்று யூ ரோங்கிடம் சொன்னார். அவளும் ஒரு கோழி வளர்ப்புப் புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்தாள்.

"இதுல எந்தப் பக்கம் படிச்ச?" என்று குங் டீச்சர் கேட்டார். யூ ரோங் அழுதாள். டீச்சர் அந்த வரியை அடித்தார்.

கட்டுரை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். ஆசிரியர் அறையில் அத்தனை பேர் முன்னாலும் துவான் கத்தினார். "ஜெராக்ஸ் கடைப் புத்தி போகுதா பாருங்க. ஒரு கமாவுக்காகப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கறீங்க."

குங் டீச்சர் நிமிர்ந்து சொன்னார்: "கமா இல்ல சார். படிக்காததைப் படிச்சேன்னு எழுத இன்னைக்குக் கத்துக்கொடுத்தா, நாளைக்கு அடுத்தவன் உழைப்பையே தன்னோடதுன்னு எழுதுவாங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் அது வசதி."

பிறகு டீச்சர் யூ ரோங்கை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விவசாயிகள் சங்கத்துக்குப் போனார். தூசி படிந்த கட்டுகளைப் புரட்டி, வான்கோழிக் கொழுப்பைப் பற்றிய ஒரு வெளியீட்டைக் கண்டுபிடித்து, அங்கேயே நாற்காலி போட்டு அவளை முழுதும் படிக்கவைத்தார். நேரம் முடிவதற்குள் கட்டுரை போய்ச் சேர்ந்தது. பரிசும் வந்தது, கடைசிப் பரிசு. யூ ரோங்குக்கு அது போதும். பள்ளி வாசலில் எடுத்த படத்தில் அவளுக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது துவான். குங் டீச்சரைத் தேடாதீர்கள், படம் எடுத்ததே அவர்தான்.

அந்தப் படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் நீங்கள் இதுவரை படித்ததைப் பள்ளி இதழுக்கு எழுதினேன். இதழும் குங் டீச்சரிடம்தான் போகும் என்பது அந்த ஆத்திரத்தில் மறந்துவிட்டது. மறுநாள் தூக்க நேரத்தில் கூப்பிட்டார்.

"வெய் டிங், துவான் சார்கிட்ட நான் பேசினதா ஒண்ணு போட்டிருக்கியே. யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னாங்க."

"எல்லாரும்னா, பேரு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான் அன்னைக்கு வாயே திறக்கல. பைக்குள்ள ஸ்கூட்டர் சாவியைத் துழாவிட்டு இருந்தேன்."

"நீங்க சொல்லியிருக்கணும் டீச்சர்."

"இருக்கலாம். ஆனா சொல்லல. இது நீ சொல்ல நெனச்சது." அந்தப் பேச்சுக்கு முன்னால் இருந்த 'குங் டீச்சர்' என்ற பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். "யாரு சொன்னதோ அவங்க பேரைப் போடு."

"துவான் சார் படிப்பாரே டீச்சர்."

"படிப்பாரு. முழுப் பேரா எழுது."