செவலை எழுந்தான்

இராயப்பன்பட்டி இருதயம்மாள் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவள். டி.வி. மல்யுத்தம் என்றால் அவளுக்கு உயிர். அதில் செம்பட்டை முடிக்காரன் ஒருவனின் வெளிநாட்டுப் பெயர் வாயில் நுழையாததால், செவலை என்று மாட்டுப் பெயரை வைத்திருந்தாள். அவனைக் குறை சொன்னால் அன்றைக்குத் தோட்டத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை விட்டார்கள். அவள் மல்யுத்தத்தை விட்டாள். அதற்கு முந்தின நாள்தான் எதிராளி நாற்காலியால் அடித்ததில் செவலையை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள்.

"அவனுக்கு என்னாச்சுன்னு எவளாச்சும் வாயத் தெறந்தா, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று தோட்டத்தில் சொல்லிவிட்டாள்.

புருஷன் வின்சென்ட் சிரித்தார். "எல்லாம் முன்னாடியே பேசி வச்ச சண்டை. இதுக்குப் போயி இப்படித் தவிக்கிறியே?"

பெரிய வெள்ளியன்று மாதா கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம். இயேசுவாக நடித்த லாரி டிரைவர் சிலுவையில் தொங்கியதும் வின்சென்ட் தேம்பித் தேம்பி அழுதார். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் முதல் வேலையாக டி.வி.யைப் போட்டாள். கூட்டம் கத்தியது. தலையில் கட்டோடு செவலை மேடையேறினான்.

"ஆத்தாடி, பொழச்சுக்கிட்டான்!" அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"இதுவும் பேசி வச்சதுதான்" என்று வின்சென்ட் ஆரம்பித்தார்.

"லாரி டிரைவரு மூணாம் நாளு எந்திரிப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? பெறகு எதுக்கு அழுதீக?"

வின்சென்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டினார்.