ஒரு தடவை ஊற்றினால் எத்தனை பக்கம்?

பேனா விற்கிறவனின் கையெழுத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் மையைப் பற்றி அவன் சொல்வதை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். சட்டைப் பையில் நீலக் கறையோடு அலைந்த உங்களுக்கு அதன் பலன் தெரியும். அறுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதியில் பேனாக் கடை வைத்திருந்த எனக்கு அது தெரிய ஐந்து வருஷம் ஆனது.

மருந்துக் கிளாஸ்

எதில் நிறைய மை பிடிக்கும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு தடித்த பேனாவை எடுத்துக் கொடுப்பேன். காட்டிலாகா குமாஸ்தா சங்கரன் மட்டும் நம்பவில்லை. இருமல் மருந்து அளக்கும் கிளாஸோடு வந்து உட்கார்ந்தார். தடித்த பேனாவை நிரப்பி, அதிலிருந்த மையைக் கிளாஸில் பிதுக்கினார். அடுத்து, கழுத்தைத் திருகி மை ஊற்றுகிற ஒல்லிப் பேனா. அதிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் வந்தது! தடித்ததைப் பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் நுனியளவு ரப்பர் பை, மீதியெல்லாம் வெறும் கூடு.

சங்கரன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு வருஷமா காத்தை வித்திருக்கீங்க அண்ணாச்சி."

வண்டூர் நர்ஸ்

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒல்லிப் பேனாதான். வண்டூர் மருந்தகத்து நர்ஸ் ஸ்டெல்லாவுக்கும் அதையே கொடுத்தேன். பத்தாம் நாள் பஸ் பிடித்து வந்து பேனாவை மேஜையில் வைத்தாள்.

நோயாளிகள் பெயர் எழுதும் நோட்டில் அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, பாதி காலியான பேனா கைச்சூட்டில் குபுக்கென்று கக்கியிருக்கிறது. காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த ஒரு குழந்தையின் பெயர் மைக்குள் மறைந்துவிட்டது. வயலிலிருந்து மகளைப் பார்க்க ஓடிவந்த வங்காளி அப்பா நோட்டைப் பார்த்தார். பெயரை அடித்துவிட்டார்கள், மகள் போய்விட்டாள் என்று நினைத்து, "மேரி பேட்டி!", என் மகளே, என்று தீவுக்காரர்களின் இந்தியில் அலறிக்கொண்டு தரையில் விழுந்துவிட்டார். ஸ்டெல்லா உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிவந்து அவர் மடியில் போட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே வந்ததாம்.

ஸ்டெல்லா சத்தம்கூடப் போடவில்லை. "நிறையப் பிடிக்கும்னு சொன்னீங்களே அண்ணே, எப்பக் கக்கும்னு ஏன் சொல்லல?"

இருபத்தாறு பக்கம்

இனி நானே எழுதிப் பார்க்காமல் யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஒல்லிப் பேனாவில் கழுத்துவரை மை ஊற்றி, தூத்துக்குடியில் இருந்த என் மனைவி திரேசாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். வழக்கமாக ஐந்து வரியில் முடிக்கிற ஆள் நான். மழை, மீன், அக்கம்பக்கம் எல்லாம் ஆறாம் பக்கத்தில் தீர்ந்துபோயின. பேனா தீரவில்லை. அவள் இல்லாமல் சோறு இறங்காததையெல்லாம் எழுதினேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் பேனா கக்கத் தொடங்கியது. விழுந்த சொட்டுகளை ஈரத்துணியால் ஒற்றியதில் எழுத்து கலங்கிவிட்டது; இருபத்தாறாம் பக்கத்தில் மை தீர்ந்தது. இருந்தாலும் கிழித்துப் போட மனசு வரவில்லை. கப்பல் தபாலில் போட்டுவிட்டு மறந்தே போனேன்.

சில வாரம் கழித்து மெட்ராஸ் கப்பல் வந்த அன்று, கடை வாசலில் தகரப் பெட்டியோடு திரேசா நிற்கிறாள்! கடல் என்றாலே பயந்து, நான் எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவள். அவள் கிட்டே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடைசி நாலு பக்கமும் அழுதுகிட்டே எழுதியிருக்கீய, என்ன சீக்குன்னு மறைக்காம சொல்லுங்க."

எந்தப் பேனா அதிகப் பக்கம் எழுதும் என்று கேட்பவர்களிடம், யாருக்கு எழுதப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது.