நெய் கேட்ட அம்மன்

என் கணவரை மலேரியாவைவிட அவருடைய அக்காதான் கொல்லப் பார்த்தார். அம்மனை நம்புகிற உங்களிடம் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. என் நாத்தனாரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

போன ஆனி மாதம், ஒடிசாவுக்குச் சாலை வேலைக்குப் போயிருந்த என் கணவர் முருகேசன் காய்ச்சலோடு ஜவ்வாது மலைக்குத் திரும்பி வந்தார். எத்தனை கம்பளி போர்த்தினாலும் நடுங்குவார். அப்புறம் உடம்பு கொதிக்கும். கீழே ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். அங்கே ஒரு மருந்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரும் மாத்திரைகளில் எந்தச் சேர்க்கை நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கிறார்களாம். அவர் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தார். முதல் வேளையை அங்கேயே கொடுத்து, மீதியை வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள்.

நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெறும் கஞ்சியோட குடுக்காதம்மா. பாலோ நெய்யோ சேர்த்துக் குடு. கொழுப்பு இல்லன்னா இந்த மருந்து உடம்புல சரியா சேராது."

வீட்டுக்கு வந்ததுமே நாத்தனார் காளியம்மா தம்பி கையில் மஞ்சள் காப்பு கட்டிவிட்டார். எங்கள் ஊரில் அப்படி அம்மனுக்கு வேண்டிக் கட்டினால், ஆடித் திருவிழாவில் அவிழ்க்கும் வரை நோயாளிக்கு எண்ணெய், பால், நெய் எதுவும் ஆகாது. ஊர் எல்லையையும் தாண்டக் கூடாது. நான் நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"நர்சு பெருசா, ஆத்தா பெருசா?" என்று நெய்ச் சட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் மாத்திரைகளை உப்புப் போட்ட சாமைக் கஞ்சியோடு விழுங்கினார்.

காய்ச்சல் விட்டது. ஆடி பிறந்ததும் திரும்ப வந்தது.

"எலிக்குக் குடுக்க வேண்டிய மாத்திரைய எந்தம்பிக்குக் குடுத்துட்டானுங்க!" என்று நாத்தனார் தெருத் தெருவாகக் கத்தினார். ஊரும் சேர்ந்துகொண்டது. மறுபடி ரத்தம் எடுக்க வந்த ஆஸ்பத்திரி ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்கள். போனில் நர்ஸ் கெஞ்சினார்: "உடனே கூட்டிட்டு வாம்மா. வேற சேர்க்கை மருந்து இருக்கு. மூளைக்கு ஏறிட்டா கஷ்டம்." வண்டி வைத்திருந்த ஒருவர்கூட வரவில்லை. என் கணவர் பேச்சு குழற ஆரம்பித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பூசையில் எல்லாரும் கும்பிட்டார்கள். நான் சண்டை போட்டேன். எங்கள் அம்மனான படவேட்டு ஆத்தாளை நினைத்து மனசுக்குள் கத்தினேன்: "எந்தாலிய எடுத்து நீ இன்னா பண்ணப் போற? அந்த நாத்தனா வாயக் கட்டு. இல்லன்னா இனி உன் வாசல மிதிக்க மாட்டேன்."

பம்பை அடித்தார்கள். எங்கள் ஊரில் அருள் வருவது நாத்தனாருக்குத்தான். அன்றும் வந்தது. தலையை விரித்துப்போட்டு ஆடியவர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"எம்புள்ளைக்கு ஏண்டி நெய் ஊத்தல? பட்டினி நான் கேட்டனா? காப்ப அவுத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போடி!"

பூசாரியே ஓடிவந்து காப்பை அவிழ்த்தார். ஜீப்பை விரட்டியவர்களே வண்டி பிடிக்க ஓடினார்கள்.

அருள் இறங்கியதும் நாத்தனார் மலங்க மலங்க விழித்தார். "நான் இன்னா சொன்னேன்?"

"நெய்ச் சட்டிய எடுத்துனு வரச் சொன்னீங்க அண்ணி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் வேறு சேர்க்கை மருந்தை வேளாவேளைக்குச் சாப்பாட்டோடு கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு எத்தனையோ முறை ரத்தம் எடுத்தார்கள். கிருமியே இல்லை. இன்று அவர் புளிய மரமேறி உலுக்குகிறார். நான் கீழே நின்று ஆத்தாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே பொறுக்குகிறேன். காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு இப்போது நானே போகிறேன். காப்பு கட்டுங்கள், மருந்தையும் நெய்யையும் மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சண்டை போட்டாவது சொல்கிறேன்.

அம்மாமார்களே, ஆத்தாளிடம் தைரியமாகக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள். பதில் கட்டாயம் வரும். எந்த வாயிலிருந்து வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

நாத்தனாரிடம் நான் இன்றுவரை பேசுவதில்லை. அவருக்கு அருள் வந்தால் முதல் ஆளாகக் காலில் விழுகிறேன். அருள் இறங்கியதும் எழுந்து என் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.