ஏழரை மணி வண்டி

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில், விடாத மழைத் தூறலில் தொடங்கியது இது. என் மகளும் மகனும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

பிள்ளைகளே, உங்கள் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டிவிடும் வேலை. காலை ஏழரைக்குத் தெருமுனைக்குக் கம்பெனி வண்டி வரும். மறதி நோய் வந்து வேலையும் நின்று, நம் பெயர்கள் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போன பிறகும் அந்த ஏழரை மணி மட்டும் போகவில்லை. தினமும் குளித்து, புடவைக்கு ஊக்கு குத்தி, சாப்பாட்டுப் பையோடு கிளம்பிவிடுவாள்.

நானும் கூடப் போய் நிற்பேன். பையில் காலி டப்பாதான் இருக்கும். கால்மணி நேரம் கழித்து டீக்கடைக்காரர் குரல் கொடுப்பார்.

"யக்கா, வண்டி பஞ்சராம். இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டாங்கோ."

"நாளைக்குனா ஒழுங்கா வருமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு என்னோடு திரும்பிவிடுவாள்.

அந்தக் கால்மணி நேரத்தில், நான் யாரென்று தெரியாமலேயே, என் சட்டையில் நூல் தொங்கினால் பிய்த்தெடுப்பாள். "இன்னா நைனா இப்டி தெச்சிகீறான்? பீஸ் ரிஜெக்ட்டு" என்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு டீக்கடை திறக்கவில்லை. எனக்கோ எட்டு மணி ஷிப்ட். அந்த வாரத்திலேயே இரண்டு நாள் லேட்டாகப் போய், போர்மேன் "வேற ஆள் பாக்கட்டுமா?" என்று கேட்டிருந்தார். லீவு என்று நானே சொன்னேன். அவள் நகரவில்லை.

"வாம்மே, நனையற. ஊட்டுக்குப் போலாம்."

"நீ யாருய்யா எனக்கு லீவு சொல்ல? எங்க ஊட்டுக்காரு வந்தாருனா உன்ன இன்னா பண்ணுவாரு தெரியுமா?"

அந்த ஊட்டுக்காரனே நான்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது. திடீரென்று ஒரு வெறி வந்தது. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் தினம் வந்து நிற்பது இன்றோடு முடிந்துவிடும் என்று தோன்றியது. "ஏறு, உன் கம்பெனிக்கே கூட்டினு போறேன்" என்றேன். கம்பெனி என்றதும் முகம் மலர்ந்து என் டூவீலரில் ஏறிக்கொண்டாள். "லேட்டாயிடுச்சு, சீக்கிரம் போங்க" என்று வழியெல்லாம் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

கம்பெனியை மூடி வெகுநாள் ஆகியிருந்தது. அந்த இடம் பார்சல் குடோன் ஆகிவிட்டது. பெயர்ப்பலகைகூட இல்லை.

"நல்லா பாரு" என்று கத்தினேன். "கம்பெனியும் இல்ல, வண்டியும் இல்ல. உனக்கு மூள போயிடுச்சு. என் உசுர வாங்காத."

கேட்டையே பார்த்தாள். பையோடு ஈரத் தரையில் உட்கார்ந்தாள். "அய்யோ, எல்லாரும் எங்க போனாங்கோ? என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குடோன் வாட்ச்மேன் ஓடிவந்து குடை பிடித்தார். "இன்னா சார் நீ, அந்தம்மாவப் போயி..." என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள் கம்பெனியை மறந்துவிட்டாள். அழுகை மட்டும் நிற்கவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவின் கையைப் பிடித்து, "யாருனா செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றால் நம்பவில்லை. சாயங்காலம் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏழேகாலுக்கு, எதுவுமே நடக்காத மாதிரி, பையோடு வாசலில் நின்றாள். தப்பித்தோம் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சட்டென்று சுவரோரம் ஒதுங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். முதல் நாள் நடந்ததில் ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. ஆனால் இந்த ஆளைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"அம்மா ஏம்ப்பா உன்கிட்ட மட்டும் வர மாட்டேங்குது?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நோய் முற்றிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். காரணம் இதுதான்.

இன்றும் அவள் முனையில் நிற்கிறாள். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். டீக்கடைக்காரர் லீவு சொல்கிறார், பக்கத்து வீட்டு அம்மா கூட்டிக்கொண்டு வருகிறார். சில நாள் காலரில் தொங்கும் நூலை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, கொஞ்சம் கிட்டே போய் நின்று பார்க்கிறேன். அவள் என் பக்கம் திரும்புவதில்லை. நடந்ததே தெரியாதவளிடம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று புரியாமல், அந்த நூலோடு நின்றுகொண்டிருக்கிறேன்.